கொம்பு வைத்த சேணமா, இங்கிலீஷ் சேணமா? புதுச்சேரி, கடலூர் குதிரைகளுக்கு ஏற்றது எது

குதிரையேற்றம் கற்கவோ, சொந்தக் குதிரைக்குச் சேணம் வாங்கவோ கிளம்புகிற எவரும் முதலில் கேட்பது, வெஸ்டர்ன் நல்லதா, இங்கிலீஷ் நல்லதா என்றுதான். முன்பக்கம் கொம்பும் பின்பக்கம் உயர்ந்த சாய்வும் உள்ள வெஸ்டர்ன் சேணத்தின்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் இந்தத் தேர்வு ஏறுகிறவரின் ஆசையைப் பொறுத்ததல்ல. குதிரையின் முதுகும், அது பழகிய லகானும், நம் கடற்கரை ஈரமும் சேர்ந்து சொல்லவேண்டிய பதில் அது.

இங்கே ஒப்பிடுவது கான்பூரில் தயாராகும் இரண்டு வகைகளை. ஒன்று, தோலில் செய்த, எல்லா வகைச் சவாரிக்கும் பொதுவான இங்கிலீஷ் ஜெனரல் பர்ப்பஸ் சேணம். மற்றது, கொம்பு வைத்த வெஸ்டர்ன் சேணம். கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வரும் தோலில் குறை சொல்ல இடமில்லை. அளவு பார்க்காமல் வாங்குவதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

முதலில் எடை. இங்கிலீஷ் சேணம், கால் வைக்கும் அங்கவடியோடு சேர்த்து 7, 8 கிலோவுக்குள் அடங்கும். வெஸ்டர்ன் 12 கிலோவிலிருந்து 18 கிலோ வரை போகும். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. 68 கிலோ ஆள் 7 கிலோ சேணத்தில் ஏறினால் 75. அதே ஆள் 15 கிலோ வெஸ்டர்னில் ஏறினால் 83. சித்திரை வெயிலில் அந்த 8 கிலோ வித்தியாசம் குதிரையின் மூச்சில் தெரியும்.

எடையைவிடப் பெரிய விஷயம் பொருத்தம். நம் பக்கத்துப் பயிற்சி லாயங்களில் நிற்பவை பெரும்பாலும் பந்தயம் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரைகள், அல்லது மார்வாரி, கத்தியவாரி என்ற இந்திய இனங்களின் கலப்புகள். இவற்றுக்குக் கழுத்து முடியும் இடத்தில் விதர்ஸ் என்கிற எலும்பு மேடு உயர்ந்து நிற்கும், முதுகு ஒடுங்கியிருக்கும். வெஸ்டர்ன் சேணத்தின் உள்சட்டமோ அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸின் அகன்ற, உருண்ட முதுகை மனத்தில் வைத்துச் செய்தது. ஒடுங்கிய முதுகில் அதைப் போட்டால் முன்பக்கம் கீழே இறங்கி விதர்ஸ்மேல் உட்கார்ந்துவிடும். சேணத்துக்கு அடியில் தடித்த பேட் (மெத்தை) போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று கடையில் சொன்னால் நம்பவேண்டாம். பேட் தடிக்கத் தடிக்கச் சேணம் இன்னும் இறுகும், பக்கவாட்டில் உருளவும் செய்யும்.

தபாலில் வாங்குகிறவர்கள் குதிரையின் அளவை வீட்டிலேயே எடுத்து அனுப்பலாம். எர்த்திங் வேலைக்குப் பயன்படும் தடித்த செம்புக் கம்பியில் இரண்டடி போதும். குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, தோள்பட்டை எலும்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் பின்னால் கம்பியை முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி வளைக்க வேண்டும். வளைவு கலையாமல் எடுத்து அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு போட வேண்டும். முதுகில் அங்கிருந்து 10 சென்டிமீட்டர் பின்னால் கம்பியை வளைத்து இன்னொரு கோடு, இன்னும் 10 தள்ளி மூன்றாவது. எது இடம், எது வலம் என்று குறித்துவிடுங்கள். பல குதிரைகளுக்கு ஒரு தோள் பருத்திருக்கும். இந்த அட்டையைக் கேட்காமல் "ஸ்டாண்டர்டு சைஸ் அனுப்புகிறோம்" என்கிற விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

சேணம் வந்ததும் பேட் இல்லாமல், வயிற்று வார் கட்டாமல் முதுகில் வைத்துப் பாருங்கள். விதர்ஸுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் முதுகெலும்புக்கு மேலே முன்பக்க வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் எடை தாங்கும் பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. குட்டை முதுகுள்ள நாட்டு மட்டக் குதிரைகளில் வெஸ்டர்ன் சேணத்தின் நீளமான தோல் விளிம்பு இடுப்பெலும்பில் இடிக்கும். திரும்பும்போதெல்லாம் அது உரசி முடி கொட்டும்.

இருக்கை அளவில் ஒரு குழப்பம் வரும். இங்கிலீஷில் 17 அங்குலம் உட்காருகிறவருக்கு வெஸ்டர்னில் 15 அங்குலம் சரியாக இருக்கும். அளக்கும் முறை வேறு, அவ்வளவுதான்.

அங்கவடியைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. இங்கிலீஷ் சேணத்தில் அங்கவடி வார் ஓர் இரும்புக் கொக்கியில் மாட்டியிருக்கும். அதன் நுனியில் சின்னக் கீல். கீழே விழுந்தவரின் கால் மாட்டிக்கொண்டால் வார் பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும், குதிரை அவரை இழுத்துப் போகாது. நம் உப்புக்காற்றில் அந்தக் கீல் துருப்பிடித்து, மூடிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. வாரம் ஒருமுறை விரலால் ஆட்டிப் பார்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சவாரியின்போது அது திறந்தே இருக்கட்டும். வெஸ்டர்னில் அகலமான தோல் பட்டையோடு அங்கவடி நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும், உருவி வராது. அதனால் ஒரு அங்குலக் குதிகால் உள்ள ஷூ அதில் கட்டாயம். செருப்போடு ஏற்றிவிடுகிற இடத்தில் எந்தச் சேணத்திலும் ஏறாதீர்கள்.

வெஸ்டர்னில் வயிற்று வார் இரண்டு இருந்தால் வரிசை முக்கியம். கட்டும்போது முன்வார் முதலில். அவிழ்க்கும்போது பின்வார் முதலில். இரண்டையும் இணைக்கும் சிறு வார் இல்லாவிட்டால் பின்வார் நழுவி அடிவயிற்றின் பின்பக்கம் உறுத்தும், அமைதியான குதிரையும் துள்ளிவிடும்.

இனி ஓட்டும் முறை. இங்கிலீஷில் இரண்டு கையிலும் லகான், வாயோடு மெல்லிய தொடர்பு. வெஸ்டர்னில் ஒரே கை, தளர்ந்த லகான்; கழுத்தில் லகான் படுவதைப் புரிந்துகொண்டு குதிரை திரும்பும். மாடு மேய்க்கிறவருக்குக் கயிறு வீச மறுகை வேண்டும் என்பதால் பிறந்த முறை அது. பிடிபட்ட மாட்டின் கயிற்றைச் சுற்றி நிறுத்தத்தான் கொம்பு. பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இந்தக் கழுத்து லகான் பாடம் தெரியாது. நீண்ட தண்டுள்ள வெஸ்டர்ன் கடிவாளத்தை அதன் வாயில் மாட்டி, திரும்பவில்லையே என்று இழுத்தால், நெம்புகோல்போல வேலை செய்து தாடையை நசுக்கும். வெஸ்டர்ன் சேணம் வாங்கினாலும் கடிவாளம் நெம்பும் தண்டு இல்லாத சாதாரண ஸ்னாஃபிளாகவே இருக்கட்டும்.

டிராட் எனும் துள்ளுநடையிலும் இதே கதை. வெஸ்டர்னில் ஜாக் என்ற மெதுவான நடையில் எழாமல் உட்கார்ந்தே போவார்கள். தரோபிரெட்டின் டிராட் நீளமாக, உயரமாக எறியும். அதில் உட்கார்ந்தே போனால் ஆளின் இடுப்பும் போச்சு, குதிரையின் முதுகும் போச்சு. எழுந்து உட்காரும் இங்கிலீஷ் முறை கைவரச் சில வாரம் ஆகும், ஆனாலும் அந்தக் குதிரைக்கு அதுதான் கருணை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் சவாரி போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முந்திரிக் கிளை தாழ்ந்து வரும், குதிரைக் கழுத்தோடு கழுத்தாகக் குனிந்தால்தான் தப்ப முடியும். அந்த நேரத்தில் கொம்பு நேராக வயிற்றில் குத்தும்.

பராமரிப்பிலும் இங்கிலீஷே சுலபம். வெஸ்டர்னின் அடிப்பக்கம் ஆட்டுரோமம். வியர்வையில் நனைந்தால் ஐப்பசி, கார்த்திகையில் காயவே காயாது. நெருஞ்சி முள் ஒன்று உள்ளே ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்கையால் எதிர்ப்பக்கமாகத் தடவினால்தான் சிக்கும். போடும் முன் ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். இரண்டு வகைக்கும் பொது: கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைக்க வேண்டும். பூஞ்சை பூத்தால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, நிழலில் காயவைத்து, பிறகு கிளிசரின் சோப்பு. வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். பாலித்தீன் உறை வேண்டவே வேண்டாம், பழைய பருத்திப் புடவை போதும்.

போட்டிக்குப் போக நினைக்கிறவர்களுக்குக் கேள்வியே இல்லை. ஒலிம்பிக்கில் உள்ள டிரெஸ்ஸாஜ் (குதிரையின் நடைப்பயிற்சியைக் காட்டுவது), ஷோ ஜம்பிங் (தடை தாண்டுவது), ஈவென்டிங் (இரண்டோடு திறந்தவெளி ஓட்டமும் சேர்ந்தது) மூன்றும் இங்கிலீஷ் வழி. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றதும் டிரெஸ்ஸாஜில்தான். வெஸ்டர்னுக்கு உரிய இடமும் உண்டு. அகன்ற முதுகும் 450 கிலோவுக்கு மேல் உடம்பும் உள்ள, கழுத்து லகான் பழகிய குதிரையில் சவுக்குத் தோப்பு வழியே மணிக்கணக்காக நடந்துபோக அது சொகுசு. எடையை அகலமாகப் பரப்பும், உட்காருகிறவருக்கும் பிடிமானம் கிடைக்கும்.

எதை வாங்கினாலும் முதல் ஒரு மணி நேரச் சவாரி முடிந்ததும் சேணத்தை இறக்கி முதுகைப் பாருங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். நனைந்த முதுகில், விதர்ஸுக்குக் கீழே உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்தியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டாம் சவாரியிலும் அதே இடம் காய்ந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். விட்டுவிட்டால் சில மாதத்தில் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும்.