ஆறு ஆண்டுகளாக நிலாவாரை: ஒரு செம்பூர்வாசியின் அனுபவம்

மும்பையின் செம்பூரில் குடியிருந்துகொண்டு, ஹார்பர் வழித்தட மின்சார ரயிலில் கோட்டைப் பகுதி அலுவலகத்திற்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். காலை 7.40 வண்டியை விட்டால் அடுத்ததில் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே, வயிறு அழைக்கும்போது போகாமல் அடக்கிக்கொண்டு ஓடியே மலச்சிக்கலை வரவழைத்துக்கொண்டேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

2019-இல் நண்பர் ஒருவர் சொல்லி மூலிகைச் சூரணம் ஒன்றை வாங்கினேன். தயாரிப்பாளர் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகைச் சூரணங்கள் பலவற்றிலும் வேலை செய்யும் சரக்கு ஒன்றுதான். டப்பாவின் முன்பக்கத்தில் ‘முற்றிலும் இயற்கையானது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சேர்மானங்கள் பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் இருந்தன. அங்கே முதலில் நின்ற ‘சோனாமுகி’ எங்கள் ஊர் நிலாவாரைதான் என்று கண்டுகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம் வட்டாரங்களின் வறண்ட நிலத்தில் விளைந்து, நிழலில் உலர்த்தப்பட்டு, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் உலகமெங்கும் போகும் இலை அது. என் ஆச்சி அதைச் சுக்கு சேர்த்துத்தான் கொடுப்பாள், இல்லையென்றால் வயிற்றை முறுக்கும் என்பாள். அதுவும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான். சித்த மருத்துவ மரபிலும் பேதி மருந்து நான்கு மாதத்திற்கு ஒருமுறை என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. நானோ அதை இரவுதோறும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

தொடக்கத்தில் அரைத் தேக்கரண்டி போதுமானதாக இருந்தது. இரவு பத்து மணிக்கு வெந்நீரில் கலக்கிக் குடித்தால் காலை ஆறு மணிக்குக் கடிகாரம் போல வேலை நடக்கும். இலையிலுள்ள சென்னோசைடு என்னும் வேதிப்பொருள் சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் மாற்றப்பட்ட பிறகே குடலை அசைய வைப்பதாலும், நீர் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதாலும், பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. இது தெரியாமல், இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு மறுநாள் குர்லாவைத் தாண்டுவதற்குள் நான் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. சிறுநீர் சில நாள்களில் செம்மஞ்சளாகப் போனதும் இந்த இலையால்தான். அது மட்டும் அஞ்ச வேண்டாத விஷயம்.

ஓராண்டில் அரைக் கரண்டி இரண்டு கரண்டியானது. பிறகு நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளத் தொடங்கியது, காரணமற்ற சோர்வும் வந்தது. இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்றை ஏற்கெனவே எடுத்துவந்தேன். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும், நாள்பட்ட பேதியும் வெளியேற்றும். பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்று வந்தது; 3.5-க்குக் கீழே போகக் கூடாது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்பதுதான். “மருந்து ஒன்றுமில்லை டாக்டர், மூலிகைதான்” என்றேன். “மூலிகை மருந்து இல்லையென்றால் ஏன் சார் சாப்பிட்டீர்கள்?” என்றார். ஐம்பதைக் கடந்திருந்ததால் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்தார்கள். குடலின் உட்சுவர் பழுப்புக் கறுப்பாக மாறியிருந்தது. இந்த வகை இலைகளை நெடுநாள் உண்பவர்களுக்கு வருவது, நிறுத்தினால் மாதக்கணக்கில் மறையக்கூடியது என்று விளக்கினார்.

நிறுத்திய முதல் இரண்டு வாரங்கள் கடினமாகவே இருந்தன. குஜராத்தில் பெரிதும் விளையும் இசப்கோல் உமியை மருத்துவர் பரிந்துரைத்தார். இது குடலைத் தூண்டுவதில்லை, நீரை உறிஞ்சி ஊதி மலத்தை இளக்குகிறது. பலனுக்கு ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை பொறுக்க வேண்டும். ஒரு கரண்டிக்கு ஒரு முழுத் தம்ளர் தண்ணீர், கலக்கியவுடனே குடித்துவிட வேண்டும். அரைத் தம்ளரில் கலக்கி, தொலைபேசியில் பேசிவிட்டு வந்து பார்த்தபோது அது கரண்டியில் தொங்கும் கூழாகியிருந்தது. அதை அப்படியே விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளலாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுகிறேன்.

நிலாவாரையை நான் முழுவதும் கைவிடவில்லை. மூன்று நாள் போகாவிட்டால் ஒரு நாள் இரவு மட்டும் எடுக்கிறேன், அதுவும் சென்னோசைடு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரையாக. சூரணக் கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் அளந்து சொல்வதில்லை. மாதத்திற்கு ஒன்றிரண்டு மாத்திரைக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்து தேவைப்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, குடலடைப்பு, குடல் அழற்சி இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைவைத்தியமாகக் கொடுப்பதும் சரியல்ல. இதய நோய்க்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது ஆபத்து. இத்தகைய சூரணங்களில் சிலவற்றில் கறுப்பு உப்பும் அதிமதுரமும் இருக்கும். இரத்த அழுத்தக்காரர்கள் அவற்றையும் பார்த்து வாங்க வேண்டும். மலத்தில் இரத்தமோ, உடல் எடை காரணமின்றிக் குறைவதோ தென்பட்டால் சூரணக் கடையில் நேரத்தைப் போக்கக் கூடாது.

இப்போது காலை உணவுக்குப் பின் பத்து நிமிடம் கழிவறைக்கென்று ஒதுக்கி, சிறிய முக்காலியில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்கிறேன், 8.05 வண்டியில் நின்றுகொண்டு போகிறேன். ஊருக்கு நாகர்கோவில் விரைவு வண்டியில் புறப்படும்போது இரண்டு மாத்திரைகள் பையில் இருக்கும், ஆனால் வீடு போய்ச் சேர்ந்த இரவில்தான் அவற்றை எடுப்பேன்.