வளைந்த ஸ்டீயரிங் தண்டு: நிமிர்த்துவதா, பழையதை வாங்கி மாற்றுவதா?

அம்பாசடர் காரின் ஸ்டீயரிங் தண்டு, அதாவது ஸ்டீயரிங் வட்டத்தின் சுழற்சியைக் கீழே கொண்டுபோகும் கம்பி, வளைந்துவிட்டால் திருநெல்வேலி வட்டாரத்தில் மூன்று வழிகள் சொல்வார்கள். லேத் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தலாம். வளைந்த பகுதியை வெட்டியெடுத்து வேறு துண்டு வைத்து வெல்டிங் செய்யலாம். உடைப்புக்குப் போன இன்னோர் அம்பாசடரின் தண்டை வாங்கி மாட்டலாம். நான் மூன்றாவது வழியில் போனவன். ஆகவே இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என்னுடையது ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் இருக்கும் பழைய பெட்ரோல் வண்டி. தாழையூத்துப் பக்கம் ஓரமாக நிறுத்தியிருந்தபோது பின்னோக்கி வந்த ஒரு லாரி முன்பக்க வலது மூலையில் இடித்துவிட்டது. மட்கார்டை டிங்கர் சரிசெய்து கொடுத்தார். ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீயரிங் ஒரே இடத்தில் பிடித்தது. ரிவர்ஸ் கியரும் விழ அடம்பிடித்தது. கியர்த்தண்டு ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியிருக்கும் வெளிக்குழாயோடு சேர்ந்தே இறங்குவதால், குழாய் வளைந்தால் கியருக்கும் நோவு வந்துவிடும்.

வெல்டிங்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. செலவு குறைவு, அன்றைக்கே வண்டி கைக்கு வந்துவிடும். நான் கேட்டபோது மெக்கானிக் சொன்னது இதுதான்: "வைத்துத் தருகிறேன் அண்ணாச்சி. காரையாறு மலைப்பாதைக்கு மட்டும் வண்டியை எடுத்துப் போகாதீர்கள்." செய்து தருபவரே போட்ட நிபந்தனைக்குப் பிறகு அந்த வழியில் எனக்கு என்ன வேலை? பிரேக் போனால் கியரைக் குறைத்தோ ஹேண்ட் பிரேக்கை இழுத்தோ சமாளிக்கப் பார்க்கலாம். ஸ்டீயரிங் தண்டு அறுந்தால் கையில் மிஞ்சுவது வட்டம் மட்டும்தான்.

உண்மையான போட்டி நிமிர்த்துவதற்கும் மாற்றுவதற்கும் இடையில்தான். நிமிர்த்துவதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. தண்டு நம் வண்டியினுடையது. தண்டு முனையின் பல் பொருந்துமா, நீளம் சரிவருமா என்ற கவலையே இல்லை. நல்ல லேத்காரர் என்றால் தண்டின் இரு முனைகளையும் தாங்கலில் வைத்து, கோணலை அளக்கும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே பிரஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நேராக்குவார். அவசரக்காரர் கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சுத்தியலால் தட்டுவார். அந்தச் சூட்டில் உருக்கின் பதம் கெட்டுவிடும். வெளியே பார்த்தால் இரண்டு வேலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வளைந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் பெயின்ட் அதை மூடிவிடும். சாயம் தடவிச் சோதித்துத் தருகிற பட்டறை கிடைத்தால் நிமிர்த்துவதை யோசிக்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது விரிசல் பயம்கூட அல்ல, அடுத்து வரும் பராமரிப்பு. திருப்பத்தில் வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வர வேண்டும். முன்சக்கரங்கள் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும் கோணம்தான் அதை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த இழுப்பு பெரிய பலம் கொண்டதன்று. தண்டில் கண்ணுக்குத் தெரியாத கோணல் மிச்சமிருந்தாலும் அது தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் ஒரு பக்கத்தை மட்டும் உரசும். ஸ்டீயரிங் பாதியிலேயே நின்றுவிடும். அம்பாசமுத்திரம் சாலையில் வளைவுக்கு வளைவு கையால் இழுத்து நேராக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். உரசிய பக்கம் புஷ் தேயும், ஆட்டம் வரும். ஆட்டம் வந்தபின் புதுப் புஷ் போட்டாலும் அதே கோணல் அதையும் தின்னும். லேத் கூலியும் பழைய தண்டின் விலையும் எனக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தன. பார்சல் செலவு மட்டும் கூடுதல். மறுபடி மறுபடி கழற்றி மாட்டும் கூலியைக் கணக்கில் சேர்த்தால் அந்தக் கூடுதல் ஒரு பொருட்டே அல்ல.

இன்னொரு வசதியும் உண்டு. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடரில் ஸ்டீயரிங் ராக்-பினியன் வகை: பினியன் என்ற சிறு பற்சக்கரம் சுழன்று ராக் என்ற பற்சட்டத்தை நகர்த்தும். தண்டின் அடிமுனைப் பல்லைப் பினியனோடு கவ்வவைப்பது ஒரு கிளாம்பு. அதைத் தளர்த்தினால் ராக்கைத் தொடாமலே தண்டைத் தனியாக எடுத்துவிடலாம். அக்காலத்துப் பியட், பிரீமியர் பத்மினி வண்டிகளில் இருப்பது திருகுப் பல் கொண்ட வார்ம் வகைப் பெட்டி. அங்கே கணக்கு வேறு. பத்மினியை ஓட்டியிருக்கிறேனே தவிரப் பிரித்ததில்லை.

பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்துத்தான் தண்டை வரவழைத்தேன். அம்பாசடரைத் தயாரித்த உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றதிலிருந்து உடைப்புக்கு வரும் வண்டிகள்தான் நமக்குக் கிடங்கு. வாங்கும்போது கியர் எங்கே இருக்கும் மாடல் என்று முதலில் கேளுங்கள். 1990களில் வந்த இசுசு எஞ்சின் 1800இல் கியர் தரைக்கு இறங்கிவிட்டது. அதன் தண்டு நமக்கு உதவாது. பிறகு பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள், ஏற்கெனவே யாராவது வெல்டிங் வைத்திருக்கலாம். உள்தண்டைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். இரு முனைப் பற்களும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் அந்த வண்டி தளர்ந்த நட்டோடு ஓடியிருக்கிறது என்று பொருள். இவ்வளவையும் விரலாலும் கண்ணாலும் பார்த்துவிடலாம் என்பதே பழைய தண்டின் பக்கம் நான் சாயக் காரணம். மாட்டும்போது புஷ்ஷும் கிளாம்பு போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

புதிய சிறு கார்களின் மின் ஸ்டீயரிங்கை அம்பாசடருக்குள் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 விதி இடம் தருகிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றைத்தான் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்றாலும், டாஷ்போர்டுக்கு அடியில் வெட்டித் துளையிட எனக்கு மனம் வரவில்லை. வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பச் சிரமப்படும் தோள்வலிக்காரர்களுக்கு மின் ஸ்டீயரிங் நல்ல ஏற்பாடாக இருக்கலாம்.

அடி வெளிக்குழாயோடு நின்றிருந்தால் இத்தனை யோசனையும் வேண்டாம். உள்தண்டை உருவிக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். அது நேராக ஓடினால் குழாயின் நெளிவை டிங்கரே எடுத்துவிடுவார். புதுப்பேட்டைக்குப் போன் போட வேண்டியதில்லை.