காபன் ஸ்டெம் என்று சொல்லி 38,500 ரூபாவை எடுத்துக்கொண்டார்கள்: மலையகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கவனம்

சைக்கிள் ஸ்டெம் ஒன்றை எனக்கு விற்ற ஒன்லைன் கடைக்காரர்கள் நேற்று மாலை ஐந்து மணிக்கு என்னை வட்ஸ்அப்பில் பிளொக் செய்துவிட்டார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை. கோபம் ஆறிவிட்டால் பாதியை விட்டுவிடுவேன் என்று விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். போனது 38,500 ரூபா.

நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போய், மோட்டார் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு சைக்கிளில் ஏறியவன். முதலில் பாடசாலைக்குப் போய்வர மட்டும். அப்புறம் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்பி தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஏறி நுவரெலியா போவேன். 1,868 மீட்டர் உயரம். ஏறும்போது கால்தான் வலிக்கும். அதே வழியில் இறங்கும்போது உடம்புப் பாரம் முழுக்க இரண்டு கையிலும் வந்து உட்காரும். அந்தக் கைகள் பிடித்திருக்கிற ஹேண்டிலை முன் ஃபோர்க்கோடு சேர்த்து வைத்திருப்பது ஸ்டெம் என்கிற ஒரு சின்னத் துண்டு. ஓடும்போது அது விட்டுப்போனால் ஹேண்டிலைத் திருப்பவும் முடியாது, பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்கவும் முடியாது. பக்கத்தில் பள்ளம்.

என் சைக்கிளில் இருந்தது 110 மில்லிமீட்டர் அலுமினிய ஸ்டெம். எனக்கு அது நீளம். ஒரு மணி நேரம் ஓட்டினாலே கழுத்து பிடித்துக்கொள்ளும். 90 மில்லிமீட்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று ஹட்டனில் என் சைக்கிளைத் திருத்துகிற பாஸ் சொன்னார். “நல்ல அலுமினியமே போதும் சேர்” என்றும் சொன்னார். நான்தான், மாற்றுவதே மாற்றுகிறோம், பாரம் குறைந்த காபன் நாரில் செய்ததாக இருக்கட்டுமே என்று தேடினேன்.

கிடைத்தது சைக்கிள் சாமான் மட்டும் விற்கிற ஒரு ஒன்லைன் கடை. பெயர் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கு வேறொன்றில் வருவார்கள், அதனால் அவர்கள் பேசுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் ‘முழுக் காபன், 90 மி.மீ., 98 கிராம், டைட்டேனியம் போல்ட்’ என்று இருந்தது. எழுதிக் கேட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பினான். நல்ல தமிழ். “அண்ணே, உங்க ஹேண்டில் பிடிக்கிற இடம் 31.8 தானே? ஃபோர்க் குழாய் 28.6 தானே? கோணம் 6 டிகிரியா 17ஆ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். “போல்டை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல இறுக்க வேணாம் அண்ணே, காபன் வெடிச்சிரும். கிரீஸ் பூசாதீங்க, காபன் பேஸ்ட் மட்டும் பூசுங்க” என்றான். எல்லாம் சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். நான் விழுந்தது அந்த இடத்தில்.

அதோடு விடவில்லை. “எந்தத் தோட்டம் அண்ணே?” என்று கேட்டான். சொன்னேன். தன் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் என்றான். நம்ம ஆள் என்று மனசு இளகிவிட்டது. சாமான் கைக்கு வந்ததும் காசு தருகிறேன் என்றதற்கு, விலை கூடின சாமானை அப்படி அனுப்ப முதலாளி விடமாட்டார், “நம்ம ஆளுன்னுதான் கடைசிப் பீஸை உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்” என்றான். அன்றைக்கு ராத்திரியே 38,500 ரூபாவை வங்கிக் கணக்குக்குப் போட்டேன். சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். கும்பிடுகிற கை போட்டுப் பதில் வந்தது.

ஒன்பது நாள் கழித்து பார்சல் வந்தது. பெட்டி அழகான பெட்டி. கையில் எடுத்ததுமே கனம் உறுத்தியது. தங்கச்சி கேக் செய்ய வைத்திருக்கிற தராசில் வைத்தேன். 168 கிராம். பழைய அலுமினிய ஸ்டெம்மைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். 20 மில்லிமீட்டர் நீளமான அதுவே 142 கிராம்தான். பாரம் குறைய வேண்டும் என்று 38,500 ரூபா கொடுத்து 26 கிராம் கூட்டி வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் முன் மூடியைக் கழற்றி, ஹேண்டில் உட்காருகிற உள்வளைவை வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே கறுப்புப் பின்னல் மினுமினுத்தது. உள்ளே கறுப்புச் சாயம். ஓரத்தில் உப்புத்தாளை வைத்து நாலு இழு இழுத்தார். காபன் என்றால் கறுப்புத் தூள் வர வேண்டும். வந்தது வெள்ளி மாதிரிப் பளபளப்பு. மூலையில் நகத்தை விட்டு நெம்பினார். மேலே இருந்த தோல், நனைந்த ஸ்டிக்கர் போல ஒரு விரல் அகலத்துக்குக் கிளம்பி வந்தது. அலுமினியத்துக்கு மேல் ஒரு சுற்றுக் காபன் துணி, அவ்வளவுதான்.

காபன் சுற்றிய அலுமினியம் என்று சொல்லியே அந்த வகையை விற்கிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை, அதற்கேற்ற விலை கொடுக்கலாம். இவர்கள் முழுக் காபன் என்று சொல்லி விற்றார்கள். அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. எதற்கும் பார்ப்போம் என்று ஹேண்டிலைப் பூட்டி, குறித்த இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் போடுகிற டோர்க் ரென்ச்சை 5இல் வைத்து நாலு போல்டையும் மாறி மாறி இறுக்கினார் பாஸ். இரண்டு போல்டில் ‘டிக்’ என்று சத்தம் வந்தது. மூன்றாவதில் சத்தமே வரவில்லை, போல்ட் சும்மா சுற்றியது. வெளியே எடுத்தால் பல்லில் சுருள் சுருளாக அலுமினியம். மரை கழன்று கையோடு வந்துவிட்டது. பாஸ் என் முகத்தைப் பார்த்து, “இத மாட்டிக்கிட்டு நானுஓயா இறக்கத்துல வந்திருந்தா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது. காசு போனதைக்கூட ஒரு நாள் மறந்துவிடலாம்.

அப்புறம் அவர்கள் சொன்ன சாட்டுகள். தராசுப் படத்தை அனுப்பினேன். “வீட்டுத் தராசு பிழையா காட்டும் அண்ணே.” உரிந்த தோலைப் படம் எடுத்து அனுப்பினேன். “நீங்க சுரண்டினதால வாரண்டி போயிருச்சு.” மரை போன வீடியோ அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மூன்று நாள் கழித்து, “முதலாளி ஊர்ல இல்ல, வந்ததும் பேசுறேன்.” அதற்கப்புறம் வேறொரு ஆள் சிங்களத்தில் பேசி, திருப்பி எடுக்கிற வழக்கம் தங்களிடம் இல்லை என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்ட தம்பி பிறகு வாயே திறக்கவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்குப் போவேன் என்று நேற்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பிளொக்.

அம்மாவிடம் விலையைக் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே, “இந்தச் சின்னத் துண்டுக்கா?” என்று கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். 2024இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் 38,500 ரூபா என்பது 28 பேருக்கும், அதாவது 28 நாள் வேலைக்கும் மேல். மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மலையில் நின்ற 28 நாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். தராசில் வைத்து வீடியோ கேளுங்கள், அந்த வீடியோவில் உங்கள் பெயர் எழுதின துண்டும் இருக்க வேண்டும். ஹேண்டில் பிடிக்கிற உட்பக்கத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, அலுமினியத்தில் ஒட்டாது. முன்பணம் முழுவதும் போடாதீர்கள். டோர்க் ரென்ச் இல்லாமல் காபன் சாமானைத் தொடவே தொடாதீர்கள். முழுக் காபனே கிடைத்தாலும் மிச்சமாவது முப்பது நாற்பது கிராம்தான், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 500 கிராம். பாஸ் சொன்னபடி நல்ல அலுமினியம் ஒன்றை வாங்கியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் நுவரெலியாவில் இருந்திருப்பேன்.

பெட்டி, சிலிப், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன், எழுத்திலும் முறைப்பாடு கொடுப்பேன். இதே மாதிரிக் குரலில் ‘எந்தத் தோட்டம்’ என்று கேட்டு யாரிடமாவது காசு வாங்கியிருந்தால், உங்கள் சிலிப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.