சால்வடோரில் கார்டு கொடுக்கும் முன் மெஷின் திரையைப் பாருங்கள்

பிரேசிலின் சால்வடோர் நகருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெலோரின்யோ பகுதியில் ஒரே ஒரு மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் 2,160 ரெயால் பிடுங்கினார்கள். பில் 216தான்.

பெலோரின்யோ அந்த ஊரின் பழைய நகரம், 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அங்கே சாவோ பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்கு முன்னால் ஒருவர் வந்து, கேட்காமலே என் மனைவியின் மணிக்கட்டில் பொன்ஃபிம் என்ற வேண்டுதல் நாடாவைக் கட்டினார். மூன்று முடிச்சு, மூன்று வேண்டுதல், "பரிசு" என்றார். கட்டி முடித்ததும் காசு கேட்டார். கொடுத்தோம். அப்புறம் நல்ல மொக்கேகா (மீன் குழம்பு) கிடைக்கும் இடம் காட்டுகிறேன் என்று கையோடு ஓர் உணவகத்தில் கொண்டுபோய் விட்டார்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். மண்சட்டியில் கொதித்தபடியே வந்தது: மீன், தேங்காய்ப்பால், கொத்தமல்லி, மேலே செம்பனை எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் மிதந்தது. கேட்காத ரொட்டியும் வெண்ணெயும் மேஜைக்கு வந்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். இரண்டும் பில்லில் ஏறியிருந்தன.

பணம் கட்டும்போது கார்டு மெஷினைப் பணியாள் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். திரை முழுக்கக் கீறல், தொகை வரும் இடத்தில் அவருடைய கட்டைவிரல். சிக்னல் போய்விடும் என்று அவசரப்படுத்தினார். ரகசிய எண்ணைப் போட்டேன். ரசீது கேட்டதற்குத் தாள் தீர்ந்துவிட்டது என்றார். மேல்நகரத்தையும் கீழ்நகரத்தையும் இணைக்கும் லசெர்டா என்ற பொது லிஃப்டில் கீழே இறங்கி வெளியே வரும்போதுதான் வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. திரும்பி ஓடினோம். அந்தப் பணியாள் அங்கே இல்லை. அப்படி யாருமே வேலை செய்யவில்லை என்று சாதித்தார்கள்.

ரகசிய எண் போட்டதால் நீங்கள் சம்மதித்ததாகத்தான் கணக்கு என்கிறது வங்கி. இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். அன்றே சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்கியிருந்தேன். வங்கி கையில் வாங்கிப் பார்த்த ஒரே ஆதாரம் அதுதான்.

மெஷினை உங்கள் கையில் வாங்கித் தொகையைப் படியுங்கள். பிரேசிலில் ரெயாலுக்கும் சில்லறைக் காசுக்கும் நடுவில் வருவது புள்ளி அல்ல, காற்புள்ளி: 216,00. திரை தெரியவில்லை என்றால் வேறு மெஷின் கேளுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணம் கட்டாயமில்லை. கேட்காமல் கொண்டுவந்து வைத்த பொருளுக்குக் காசு வாங்க 1990ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டமே இடம் தரவில்லை.

இதற்காக ஊரின் ருசியை விட்டுவிடாதீர்கள். மறுநாள் மாலை அதே ஊரின் ரியோ வெர்மேல்யோ பகுதிக்குப் போனோம். வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாக ஒரு பையானா (உள்ளூர்ப் பாரம்பரிய உடையில் தெருவில் விற்கும்) அம்மா, காராமணி மாவைக் கரண்டியில் எடுத்துச் செம்பனை எண்ணெயில் விட்டு அக்கராஜே என்ற வடை சுட்டுக்கொண்டிருந்தார். சூடாக வேண்டுமா என்றார். காரம் வேண்டுமா என்று அர்த்தம். தலையாட்டினேன். வடையைப் பிளந்து வத்தப்பா என்ற கெட்டி விழுதும் காய்ந்த இறாலும் திணித்து, மிளகாய் விழுதைத் தடவித் தாளில் சுற்றிக் கொடுத்தார். விலை பலகையில் எழுதியிருந்தது. நோட்டை நீட்டினேன், மீதிச் சில்லறையை என் கையிலேயே எண்ணி வைத்தார்.