கடலுக்குப் போனவரை நினைத்துக் கவலைப்படுவோருக்கு: நாகர்கோவில் ஆலோசனை மையம் ஒன்றைப் பற்றி

வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் தனியார் மனநல ஆலோசனை மையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

என் அண்ணன் தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகில் வேலை செய்கிறார். புறப்பட்டால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்; கரையை விட்டுச் சற்று விலகியதுமே கைபேசித் தொடர்பு அறுந்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை எட்டுவதற்கு முன்பே வெகுதூரம் போய்விட்ட படகுகளுக்கு நேர்ந்ததை இந்தக் கரையில் அறியாத வீடு இல்லை. அதற்குப் பிறகு, காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே கைபேசியில் வானிலைப் படத்தைத் திறந்து பார்ப்பதும், "மக்ளே, அண்ணனுக்க போன் அடிக்குதா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் மறுபடி திறப்பதும், நடுராத்திரியில் எழுந்து அதையே செய்வதும் எனக்கு வழக்கமாகிவிட்டன.

ஆலோசகர் முதலில் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தைத் தந்தார். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமும் கவலையும் எத்தனை நாள் வாட்டின என்பதை அது கேட்கிறது. அதிகபட்ச மதிப்பெண் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோய்ப் பெயர் எதையும் சூட்டாமல், தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு இதேபோல் வரும் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னதும், மாலைக்குப் பின் எத்தனை சாயா குடிக்கிறேன் என்று விசாரித்ததும் எனக்கு நம்பிக்கை தந்தன.

இந்த மையத்தின் உண்மையான மதிப்பு அடுத்து நடந்ததில்தான் இருக்கிறது. வானிலைப் படத்தைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் ஆறுகிறது. அந்த ஆறுதலே, பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனத்துக்குக் கற்றுக்கொடுப்பதால், மறுபடி பார்க்கும் துடிப்பு முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது என்று அவர் விளக்கினார். பார்க்கவே கூடாது என்று தடுக்கவில்லை. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்க்கலாம். இடையில் எழும் கவலையை ஒரு நோட்டில் ஒரே வரியில் குறித்துவைத்து, அந்தி நேரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, அப்போது மட்டும் அதை எடுத்துக் கவலைப்பட வேண்டும். 1980களில் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்த முறை இது. நோட்டில் இரண்டு பத்திகள் போடச் சொன்னார்: இன்று என்னால் ஆகக்கூடியது ஒன்று, ஆகாதது மற்றொன்று. படகு உரிமையாளரிடம் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா என்று கேட்பது முதல் பத்தியில் வந்தது, கேட்டும்விட்டேன். காற்றின் திசை இரண்டாவதில். அந்தி வரும்போது, காலையில் எழுதியவற்றில் பாதி, கவலைப்படும் அளவுக்கு எனக்கே பெரிதாகத் தெரியவில்லை. கவலை ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தூங்குகிறேன்.

குறைகள் உண்டு. இரு அறைகளுக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு இருப்பதால் அடுத்த அறையின் பேச்சு காதில் விழுகிறது. மனநல ஆலோசனைக்கு வருகிறவர் பெயரை வரவேற்பாளர் உரக்கக் கூவி அழைப்பது அதைவிட மோசம். வீட்டில் கேட்பதற்காகத் தந்த தளர்வுப் பயிற்சி ஒலிப்பதிவு அலையோசையோடு தொடங்கியது. கடலுக்குப் பயந்து வந்தவளுக்குக் கடலோசை! சொன்னதும் ஆலோசகரே சிரித்துவிட்டு, ஓசை எதுவும் இன்றி மூச்சை மட்டும் எண்ணும் பயிற்சிக்கு மாற்றினார். கொடுத்த கையேட்டின் தமிழ், ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது போலக் கரடுமுரடாக இருக்கிறது. என் அம்மாவால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

ஓர் அமர்வுக்கு 800 ரூபாய். மார்த்தாண்டம் வந்து பேருந்து மாறிப் போகும் எங்கள் பகுதியினருக்குப் பயண நேரத்தால் அரை நாள் கூலியும் போய்விடும். அந்தச் செலவு தாங்காதவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாத்திரை தேவைப்படுவோருக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவோருக்கும் இந்த மையம் ஏற்றதல்ல. ஆலோசகர் மருத்துவர் அல்லர் என்பதால் அவர்கள் நேரே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே நடக்கிறது. தடுப்புக்கு அப்பால் ஆள் இல்லாத காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதையும் கேட்டால்தான் தருகிறார்கள்.