பாதாளம் அவன்பின் சென்றது: களியக்காவிளை பஸ்ல வாசிச்ச ஒரு புக்

ஆண்ட்ரூ ஜோசப் வைட் எழுதுன ‘ஹெல் ஃபாலோட் வித் அஸ்’ 2022லயே வந்துட்டு, நான் இப்பதான் வாசிச்சேன், அதுவும் முழுக்க முழுக்க குமரி மாவட்ட பார்டர்ல உள்ள களியக்காவிளை – திருவனந்தபுரம் தம்பானூர் பஸ்ல வேலைக்குப் போகும்போதும் வரும்போதும். 400 பக்கம் சொச்சம் இருக்கும். டீன் ஏஜ் பிள்ளைங்களுக்குன்னு எழுதுனது, இங்கிலீஷ் அவ்வளவு கஷ்டம் இல்ல. ஆனா காலைல புட்டும் பயறும் தின்னுட்டு பஸ்ல ஏறி வாசிக்காதீங்க, சொல்லிட்டேன். மூணாவது நாள் நெய்யாற்றின்கரை எத்துறதுக்குள்ள நான் புக்க மூடி மடியில வச்சுட்டு வெளியே ரப்பர் மரத்த எண்ணிட்டு இருந்தேன்.

கதை இதாக்கும். அமெரிக்காவுல ஏஞ்சல்ஸ்னு ஒரு வெறிபிடிச்ச மதக்கூட்டம், நியாயத்தீர்ப்ப நாமளே நடத்துவோம்னு ஃப்ளட்னு ஒரு வைரஸ அவிழ்த்து விட்டு உலகத்துல பெரும்பாலான ஆளுகள கொன்னுட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்கள முடிக்க ஒரு உயிருள்ள ஆயுதம் வேணும், அதுக்கு அவங்க எடுத்தது பெஞ்சின்னு ஒரு 16 வயசுப் பையன. பெஞ்சி திருநம்பி, அதாவது பொண்ணுன்னு சொல்லி வளர்த்த பையன். அவனுக்க அம்மைதான் அந்தக் கூட்டத்துல பெரிய ஆள். ஊசி போட்டாச்சு, உடம்பு மாற ஆரம்பிச்சாச்சு, அப்பாதான் அவன கூட்டிட்டு ஓடுறாரு, ஆரம்பத்துலயே செத்தும் போறாரு. பொறவு அவன காப்பாத்துறது அவன மாதிரியே வீடு வேண்டாம்னு சொன்ன ஒரு கும்பல் டீன் ஏஜ் பிள்ளைங்க. இதுக்கு மேல சொல்லல.

வெளியூர்காரங்களுக்கு இது ஒரு பேய்க்கதை. எங்க பக்கம் கிறிஸ்தவ கன்வென்ஷன் பந்தல்ல வளர்ந்த ஆளுக்கு அப்படி இல்ல கேட்டியளா. புக் பேரே வெளிப்படுத்தின விசேஷம் 6:8, மங்கின நிறமுள்ள குதிரை, பாதாளம் அவன்பின் சென்றதுன்னு நமக்கு சண்டே கிளாஸ்லயே மனப்பாடம். அந்த ஆயுதத்துக்கு அவங்க வச்ச பேரு செராஃப், நம்ம ஏசாயால வர்ற ஆறு செட்டை உள்ள சேராபீன். பிணத்தையும் உயிரோட உள்ளவனையும் ஒண்ணா ஒட்டவச்சு செஞ்ச பூதங்களுக்கு பேரு கிரேஸ், அதாவது கிருபை. “கர்த்தருக்க கிருபையால சொகமா இருக்கோம்”னு எங்க மாமி போன்ல சொல்லும்போதெல்லாம் ரெண்டு வாரமா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி வருது. (மாமி பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.)

உடம்பு அழுகுறது, உள்ளுறுப்பு வாந்தியா வர்றது, பல்லு, தோலு எல்லாம் மாறுறது, இதையெல்லாம் இந்த ஆளு எழுதியிருக்கிற விதம் கொஞ்சமும் கை நடுங்காத எழுத்து. ஆனா நான் பயந்தது அங்க இல்ல. நானும் திருநம்பிதான், வீட்ல பாதிப் பேருக்குத் தெரியும், மிச்சப் பாதிக்குத் தெரிஞ்சும் தெரியாது. பன்னிரண்டு வயசுல எனக்க உடம்பு என்கிட்ட கேக்காம ஒரு வேலைய ஆரம்பிச்சப்போ வீட்ல எல்லாரும் சந்தோஷமா முட்டையும் உளுந்தங்களியும் தந்து பட்டுப்பாவாடை எடுத்தாங்க. அந்த வருஷம் முழுக்க நான் இருந்த நிலைமைய ஒருத்தர் இவ்வளவு சரியா, சீழும் பித்தமுமா எழுதி நான் வாசிச்சதில்ல. பெஞ்சிக்கு ஒரு கட்டத்துல அந்தப் பூத உடம்பு மேல ஒரு பிரியம் வருது பாத்துக்கோங்க, அந்த இடம்தான் இந்த புக்கோட உசுரு. ஏன்னா அம்மை ஆசப்பட்ட பொண்ணு உடம்பு இல்ல இது.

நிக்னு ஒரு பையன் வர்றான், ஆட்டிசம் உள்ளவன், துப்பாக்கி சுடுறதுல கில்லாடி. அவன் மனசுக்குள்ள பெஞ்சிய முதல்ல ‘இட்’னுதான் நினைக்கிறான், ஆளா நினைச்சா ஆயுதமா தூக்கிக் குடுக்க மனசு வராதுல்லா. இங்கிலீஷ்ல இது ஒரு சின்ன டெக்னிக் மாதிரி தோணலாம், தமிழ்ல ‘அது’ன்னா என்னன்னு மார்த்தாண்டம் சந்தையில நடந்து போற எந்தத் திருநங்கைகிட்டயும் கேட்டுப் பாருங்க. அந்தப் பக்கத்துல நான் நின்னுட்டேன். நம்ம பாஷையில ‘நான் வந்தேன்’ல ஆம்பள பொம்பள இல்ல, ‘நீ வந்த’லயும் இல்ல, எழும்பிப் போன பொறவு அடுத்தவங்க நம்மளப் பத்திப் பேசும்போதுதான் வந்தானா, வந்தாளா, வந்துச்சான்னு தீர்ப்பு விழும். பார்டருக்கு அந்தப் பக்கம் பாறசாலை தாண்டிட்டா மலையாளத்துல அந்த வால் கூட கிடையாது, அவனும் அவளும் உண்டு ஆனா யாரு வந்தாலும் ‘வந்நு’தான். கண்டக்டர் என்னை “சேட்டா, இறங்ஙிக்கோ”ம்பாரு, திரும்பி வந்து செக்போஸ்ட் பக்கம் இறங்குனா டீக்கடையில “பாப்பா வந்துட்டா”ம்பாங்க. ஒரே சட்டை, ஒரே ஆள், நடுவுல ஒரு பஸ் பயணம்.

இன்னொரு விஷயம். 2014ல திருநர் உரிமை பத்துன நால்சா வழக்குத் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட், அவங்கவங்க யாருன்னு அவங்கவங்களே சொல்லலாம், ஆபரேஷன் பண்ணணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லிச்சு. 2019ல வந்த சட்டத்துல கலெக்டர் ஆபீஸ்ல திருநர்னு சர்ட்டிஃபிகேட் வாங்கலாம்னு இருந்துச்சு, ஆனா ஆண்னு மாத்திக் கேட்டா ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்த பேப்பர் வேணும்னு இருந்துச்சு. புக்ல அந்தக் கூட்டம் பெஞ்சி உடம்பு எப்ப முழுசா முடியும்னு நாள் எண்ணிட்டு இருக்கு, முடிஞ்சாதான் அவன் அவங்களுக்கு செராஃப். எனக்க சர்ட்டிஃபிகேட் ஃபைலும் அப்படித்தான் காத்துட்டு இருந்துச்சு, எனக்க உடம்பு முடியட்டும்னு. டிஸ்டோப்பியான்னு, கெட்டுப்போன உலகத்துக் கதைன்னு தனியா ஒண்ணு எழுதவே வேண்டாம் போல.

குறை இல்லாம இல்ல. நடுவுல ஒரு நூறு பக்கம் இழுவை, அந்த கும்பல்ல யாரு யாருன்னு கடைசி வரைக்கும் எனக்கு குழப்பம், ஸீ, ஸெம்னு ஆணும் பொண்ணும் சொல்லாத புது பிரதிப்பெயர் எல்லாம் வருது, நல்ல விஷயம்தான் ஆனா அந்த ஆளு யாருன்னே மனசுல நிக்கல. வில்லன்கள் வாயத் திறந்தா பைபிள் வசனம், வசனம், இன்னும் வசனம், எங்க ஊர் உபதேசியாரே அவ்வளவு சொல்ல மாட்டாரு. பெஞ்சிக்க பழைய வருங்கால மாப்பிள்ளை தியோ மட்டும் வேற லெவல், நல்லவன் மாதிரி வந்து நிக்கிறான் பாருங்க, அந்த மாதிரி ஆள நமக்கெல்லாம் தெரியும். முடிவு தடதடன்னு ஓடிப் போச்சு. நாலு ஸ்டார். இதே ஆளு பொறவு எழுதுன ‘த ஸ்பிரிட் பேர்ஸ் இட்ஸ் டீத்’ அடுத்தது வாசிக்கலாம்னு இருக்கேன்.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிக் குடுக்கலாமான்னா, பதினாலுக்குக் கீழ வேண்டாம். ரத்தம், மதத்த வச்சு அடிக்கிறது, காதல்ங்கிற பேர்ல நடக்கிற கொடுமை எல்லாம் உண்டு.

கடைசி சாப்டர் மட்டும் வீட்ல வச்சு வாசிச்சேன். அம்மை மீன் கழுவிட்டு வந்து கை துடைச்சுட்டு, என்ன புக் மக்ளேன்னு கேட்டாங்க. வெளிப்படுத்தல் ஆறு எட்டும்மான்னேன். அம்மைக்கு அவ்வளவு சந்தோஷம். வாங்கிட்டுப் போயி ஷெல்ஃப்ல வேதபுஸ்தகத்துப் பக்கத்துல வச்சுட்டாங்க. இப்பவும் அங்கதான் இருக்கு, ரெண்டு பேரும் எடுக்கல.