மதுரைச் சுங்குடி: கடையில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னக் கடையில் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்தேன். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, புள்ளி வரவைக்கிற பருத்திச் சேலைதான் சுங்குடி. அரக்கு உடல், மஞ்சள் கரை, கரையில் மெல்லிய சரிகைக் கோடு. விலை 3,400 ரூபாய். அதே வட்டாரத்தில் 650 ரூபாய்க்கும் ‘ஒரிஜினல் மதுரைச் சுங்குடி’ என்று அட்டை மாட்டி விற்கிறார்கள். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது, அதற்குக் காசு கொடுக்கலாமா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டும் ஃபால்ஸும்தான் என் பிழைப்பு. நாள் முழுக்கக் கையில் துணிதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் கேள்வி, புள்ளி கையால் முடிச்சுப் போட்டு வந்ததா, அச்சு அடித்ததா என்பது.

நான் எடுத்த சேலையில் முந்திப் பக்கம் ஒரு சாண் அளவுக்கு முடிச்சை அவிழ்க்காமலே வைத்திருந்தார்கள். கடைக்காரர், “அக்கா, ரெண்டு பக்கமும் பிடிச்சு வெடுக்குன்னு இழுங்க” என்றார். இழுத்தேன். கட்டியிருந்த நூலெல்லாம் படபடவென்று தெறித்து மேசையில் விழுந்தது. முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. இதைவிட நல்ல அத்தாட்சி எந்தச் சீட்டிலும் கிடையாது. கொஞ்சமாவது அவிழ்க்காத முடிச்சோடு சேலை கொடுக்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள்.

அதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பைச் சொல்கிறேன். வெள்ளைத் துணியை அலசிக் கஞ்சியை எடுத்து, மடித்து, புள்ளி வரவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்தையும் விரல் நுனியால் கிள்ளித் தூக்கி நூலால் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. கரையில் உடல் நிறம் ஏறாதபடி தனியாக இறுக்கிக் கட்டிய பிறகுதான் சாயத்தில் இறக்குவார்கள். மதுரையில் இது சௌராஷ்டிரக் குடும்பங்களின் தொழில். குஜராத் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்து, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் குடியேறிய நெசவுக்காரர்கள் அவர்கள். முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், சமையல் முடிந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து. என்னிடம் ஜாக்கெட் தைக்க வரும் ஒரு அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே முடிச்சுப் போட்டவர். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். “கூலி எவ்வளவுன்னு கேட்டா அவளுக உக்காருவாளுகளாம்மா?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு சுங்குடியில் நான் பேரம் பேசுவதில்லை.

அவிழ்க்காத முடிச்சு கிடைக்காவிட்டால் புள்ளியைப் பாருங்கள். கையால் கட்டிய புள்ளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஓரத்தில் சாயம் கசிந்து லேசாக மங்கியிருக்கும். புதுச்சேலையில் புள்ளிக்குப் புள்ளி துணி சற்றுச் சுருங்கி நிற்பது விரலுக்குத் தெரியும். திரையச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல் ஒரே அளவில் இருக்கும், துணியைத் திருப்பினால் நிறம் வெளிறித் தெரியும். சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகை ஒற்றி எடுக்கிற மெழுகு அச்சு கொஞ்சம் ஏமாற்றும். அதையும் சாயத்தில்தான் முக்குகிறார்கள் என்பதால் இரண்டு பக்கமும் நிறம் ஏறியிருக்கும். ஆனால் மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழை போலக் கோடுகள் ஓடும், அதை வைத்துப் பிடித்துவிடலாம். மெழுகு அச்சுச் சேலையை நான் குறை சொல்லவில்லை. தினக்கட்டுக்கு அது நல்ல பருத்திச் சேலை, அதிலும் கைவேலை உண்டு. அதை அந்தப் பெயரிலேயே விற்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: அடியில் இருக்கும் துணி கையால் நெய்த கைத்தறியா, மின்சாரத்தில் ஓடும் விசைத்தறியா? முடிச்சு கையால் போட்டது என்றதும் சேலை முழுக்கக் கைத்தறி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இன்று கடைக்கு வரும் சுங்குடியில் பெரும்பாலானவை விசைத்தறித் துணிதான். 2005-ல் சுங்குடிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்குத் தரும் பதிவு, மதுரை என்ற பெயரைக் காக்கிறது. துணி எந்தத் தறியில் நெய்தது என்று தெரிய, 2006-ல் வந்த கைத்தறி முத்திரை சேலையில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டபோது என் கடைக்காரர் மழுப்பவில்லை. மேல் தட்டில் இருப்பது கைத்தறி, கீழே இருப்பது விசைத்தறி என்று கையைக் காட்டிச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

கைத்தறித் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் ஒரு நூல் இளகியும் இருக்கும். நெசவாளர் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டி, பலகையை இழுத்து அடிக்கிற அடி ஒவ்வொன்றும் அவர் கை போகிற போக்கில் விழுவதால் அப்படி. அறுந்த நூலை முடிந்த இடம் ஒன்றிரண்டு தட்டுப்படும். என் கத்தரிக்கோலுக்கே வித்தியாசம் தெரியும். கைத்தறித் துணி வெட்டும்போது வழுக்கி ஓடாது, தைத்த பிறகு உடம்போடு படியும். செல்லூரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெயில் ஏறுவதற்கு முன்பே தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது நெடுக்கு நூல், கட்டிக் கஞ்சி போடுவார்கள். அதைத் தாண்டாமல் ஒதுங்கித்தான் பள்ளிக்கூடம் போவோம். ஒருவர் தறியில் உட்கார, வீட்டில் மற்றவர்கள் நாடாவுக்குள் வைக்கும் தார்க் குச்சியில் நூல் சுற்ற, நூலை எடுத்துக் கொடுக்க என்று ஒரு சேலைக்குள் ஒரு குடும்பமே இருந்தது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பிலும் அதுதான் தெரிகிறது. நாட்டில் நெசவும் துணைவேலையும் செய்கிறவர்கள் 35 லட்சத்துக்கு மேல், அதில் சுமார் 72 சதவீதம் பெண்கள்.

இடையில் ஒன்று. கைத்தறியும் கதரும் ஒன்றா என்று கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கதருக்கு நூலும் கையால் நூற்றிருக்க வேண்டும், நெசவும் கையால். கைத்தறியில் நூல் ஆலையிலிருந்து வரும், நெசவு மட்டும் கையால். 1921 செப்டம்பர் 22-ல் காந்தி அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டில் இன்றும் கதர்க் கடை நடக்கிறது. கதர் வேண்டுமென்றால் அங்கே போகலாம். சுங்குடி அதில் சேராது.

இனி, கட்டிப் பார்த்த கதை. அக்னி நட்சத்திர வெயிலில் இந்தச் சேலையோடு தையல் மிஷினில் உட்கார்ந்தேன். வியர்வையை இழுத்துக்கொள்கிறது, உடம்பில் ஒட்டவில்லை. கொசுவம் புதிதில் கொஞ்சம் உப்பும், சில முறை நனைத்ததும் அடங்கிவிடும். பார்க்கிறவர்கள் கையை வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் அலசலில் சாயம் நிறையவே போனது. தண்ணீர் முழுக்கச் சிவப்பு. கல் உப்பு போட்ட தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். தெரியாமல் வேறு துணியோடு ஊறப் போட்டால் அதுவும் சிவந்துவிடும், இதைக் கடையில் ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்கலாம். ஜாக்கெட் துணி சேர்ந்து வரவில்லை. கரை மஞ்சளுக்குப் பொருத்தமான துணி தேடி நான் அலைந்தேன், என் வாடிக்கையாளர்களும் அலைகிறார்கள். சேலையோடு முக்கால் மீட்டர் சேர்த்துச் சாயம் போட்டுக் கொடுத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்க ஆள் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் முடிச்சுச் சுங்குடியில் துப்பட்டாவும் குர்த்தித் துணியும் கேட்கிறார்கள். கைத்தறித் துணியில் அது எனக்கு எந்தக் கடையிலும் சிக்கவில்லை. விற்பனை வளர வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் இங்கே கை வைக்கலாம். என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சேலை கட்டுவது கல்யாணத்துக்கு மட்டும்தான்.

விலையைப் பற்றி. சேலை, வேட்டி, துண்டு உட்பட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட விவரங்களோடு கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985-லிருந்து இருக்கிறது. அப்படியும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் அடுக்கில் ஏறும்போது அடி விழுவது நெசவாளரின் கூலியில்தான். அட்டையை நம்பி எடுத்துவிட்டு, சாயம் போனதும் “கைத்தறின்னாலே இப்படித்தான்” என்று சொல்கிறவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். அவர்கள் கட்டியிருப்பது பல நேரம் கைத்தறியே இல்லை. எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது. வாங்குகிறவர் அந்த இரண்டு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர் இரண்டு அடுக்கையும் பிரித்து வைப்பார். பிரித்து வைத்தால்தான் முடிச்சுக்கும் தறிக்கும் தனி விலை நிற்கும்.

3,400 ரூபாய் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸில் கூட்டுறவுச் சங்க நெசவாளர்களின் சேலையும் துண்டும் படுக்கைவிரிப்பும் கிடைக்கும். 1935-லிருந்து நடக்கிற நிறுவனம், தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. சேலை எடுக்க வசதியில்லாத மாதத்தில் ஒரு கைத்தறித் துண்டு எடுங்கள். தினமும் துவைத்தாலும் நாளாக நாளாக மெத்தென்று ஆகும்.

என் மருமகளுக்குக் கருநீலத்தில் இன்னொன்று சொல்லி வைத்திருக்கிறேன். கைத்தறித் துணி, முழு முடிச்சு, ஜாக்கெட் துணியும் சேர்த்து. மழைக்காலத்தில் சாயம் காய நாளாகும், ஐப்பசி தாண்டித்தான் தர முடியும் என்றார் கடைக்காரர். சரி என்று முன்பணம் கொடுத்துவிட்டேன்.